பழைய சொகுசு கார்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறியும் முறை

பத்து வயதைத் தாண்டிய ஒரு பென்ஸ் அல்லது பிஎம்டபிள்யூ வண்டியின் விலை சிங்கப்பூரில் குறைவதற்குப் பெருங்காரணம் அதன் சிஓஇயில், அதாவது வண்டி வைத்திருக்க அரசு காலவரையறையோடு தரும் உரிமைச் சான்றிதழில், மிச்சமிருக்கும் காலம் சுருங்குவதுதான். வண்டிக்குள் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப்பைகளால் வண்டியைத் தாங்கும் அமைப்பு), கியர்பாக்ஸ், கணினிப் பெட்டிகள் ஆகியவற்றின் விலை அதனோடு சேர்ந்து குறைவதில்லை. ஆகையால், ஊகத்தின் பேரில் ஒரு பாகத்தை மாற்றிப் பார்த்து, சரியாகாவிட்டால் அடுத்ததை மாற்றுவது என்னும் பழக்கம் இத்தகைய வண்டியில் மிகச் சீக்கிரம் வாங்கிய விலையையே விழுங்கிவிடும். எதையும் கழற்றுவதற்கு முன்பு, அறிகுறி எந்த நிலையில் தோன்றுகிறது, எந்த நிலையில் மறைகிறது என்பதை உறுதி செய்துகொள்வதே இந்த வண்டிகளைக் கட்டுப்படியாகும் செலவில் ஓட்டுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி.

இன்ஜின் ஆறியிருக்கும்போதா, சூடேறிய பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா? இரவு முழுதும் நிறுத்தி வைத்த பிறகா, மழைக்குப் பிறகா? பட்டறையில் போய் “முன்னால் ஏதோ சத்தம் வருகிறது” என்று சொல்வதற்கும், “காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி மட்டும் இன்ஜின் முன்புறம் சங்கிலி உரசுவது போன்ற சத்தம் வருகிறது, பிறகு நாள் முழுதும் வருவதில்லை” என்று சொல்வதற்கும் இடையே ஆயிரம் வெள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடும்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை: ஒரு மல்டிமீட்டர், ஒரு நல்ல டார்ச், தெளிப்பான் போத்தலில் சோப்புத் தண்ணீர், அந்தந்த உற்பத்தியாளரின் எல்லாக் கணினிப் பெட்டிகளையும் படிக்கக்கூடிய ஒரு ஸ்கேனர். மலிவான பொது ஸ்கேனர்கள் இன்ஜின் பெட்டியை மட்டுமே படிக்கும். சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் பெட்டிகளில் பதிவாகியிருக்கும் கோடுகள் (பழுதுக் குறியீடுகள்) அவற்றுக்குத் தெரியாது.

வாங்கப் போகும்போதே தெரியும் அறிகுறிகள்

நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், அன்று பார்க்காமல் வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். சங்கிலி சத்தம், வால்வு சீல் கசிவால் வரும் நீலப் புகை, கியர் தாமதமாக விழுவது, தொய்ந்து நிற்கும் சஸ்பென்ஷன் ஆகிய நான்கும் ஆறிய வண்டியில்தான் தெளிவாகத் தெரியும். பானட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைக் கையால் தொட்டாலே வண்டி ஆறியிருக்கிறதா என்பது புரிந்துவிடும்.

அடுத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டர் பலகையைக் கவனியுங்கள். இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்தாக வேண்டும். எரியவே எரியாத விளக்கு, பழுதை மறைப்பதற்காக அணைக்கப்பட்டிருக்கலாம். ஸ்கேனரில் கோடுகள் ஏதுமில்லை என்பதோடு திருப்தி அடையாமல், வண்டியின் கணினி ஓட்டத்தின்போது தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால், கோடுகள் அண்மையில்தான் அழிக்கப்பட்டிருக்கின்றன அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஆவணங்களில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்திலிருந்து எடுத்த வாகன விவரங்களையே நம்புங்கள். சிஓஇ முடியும் நாள், எத்தனை முறை கைமாறியது, சாலை வரி முடியும் நாள் ஆகியவற்றை அதில் பார்க்கலாம். சிஓஇயை 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் மறுபடியும் புதுப்பிக்க முடியாது. காலம் முடிந்ததும் வண்டியின் பதிவை ரத்து செய்தாக வேண்டும். 5 ஆண்டோ 10 ஆண்டோ, புதுப்பித்த வண்டிக்குப் பார்ஃப் கழிவு (பதிவை ரத்து செய்யும்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியாகத் திரும்பக் கிடைக்கும் தொகை) கிடையாது. பத்து ஆண்டைத் தாண்டியதும் சாலை வரி 10 விழுக்காடு கூடத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, பதினான்கைத் தாண்டியதும் 50 விழுக்காட்டில் நிற்கும். மூன்றரை லிட்டர் இன்ஜின் வண்டிக்கு அது சிறிய தொகை அல்ல. கட்டாய வாகன ஆய்வும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது மாறி, ஆண்டுதோறும் ஆகிவிடும்.

கார் வியாபாரியிடமிருந்து வாங்கும் வண்டிக்கு, 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் குறைபாட்டுப் பொருள் விதிகள் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. பழைய பொருளுக்கும் இது உண்டு என்றாலும், வண்டியின் வயதும் விலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். இயல்பான தேய்மானத்துக்கு இது உதவாது. தனிநபரிடமிருந்து நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. நேரடி விற்பனையில் விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலையில் வண்டி ஒரு பக்கமாக இறங்கி நிற்கிறது

ஏர் சஸ்பென்ஷன் உள்ள பென்ஸ் எஸ் கிளாஸ், சில இ கிளாஸ் வண்டிகள், ஜாகுவார் எக்ஸ்ஜே, ஆவ்டி ஏ8 போன்றவற்றில் அதிகம் கேட்கும் முறையீடு இது. அதிகமான பணம் வீணாவதும் இதில்தான். வழக்கமாக நடப்பது இப்படி: வண்டி எழும்பவில்லை, ஸ்கேனர் காற்றை ஏற்றும் கம்ப்ரசரைக் குறை சொல்கிறது, புதுக் கம்ப்ரசர் போடப்படுகிறது, சில மாதங்களில் அதுவும் எரிந்துபோகிறது. கம்ப்ரசர் இங்கே பெரும்பாலும் பலியாள்தான். காற்று வேறெங்கோ கசிந்துகொண்டிருப்பதால், அதை ஈடுகட்ட ஓய்வில்லாமல் ஓடித் தேய்ந்துபோகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் புதுக் கம்ப்ரசர் போடுவதை எக்காரணத்தைக் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில் அளவெடுங்கள். மாலையில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களில் சாய்தளத்துக்கு அருகில் உள்ள இடங்களைத் தவிருங்கள். தரையின் சரிவே கணக்கைக் கெடுத்துவிடும். மறுநாள் காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே மறுபடியும் அளந்துவிட வேண்டும், ஏனெனில் கதவைத் திறந்ததுமே சில வண்டிகள் தம்மைச் சமன்படுத்திக்கொள்ளத் தொடங்கிவிடும்.

ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால், அந்த மூலையின் காற்றுப்பையிலோ அதற்குப் போகும் குழாயின் இணைப்பிலோ கசிவு. முன்புறம் இரண்டும் சமமாக இறங்கியிருந்தால், காற்றைப் பைகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு காற்றுப்பைகளும் ஒரே அளவில் கசிவது அரிது. எதுவும் இறங்காமல், ஆனால் ஆள் ஏறிய பிறகு வண்டி எழும்ப மறுத்தால் மட்டுமே கம்ப்ரசர், அதன் ரிலே (அதற்கு மின்சாரம் தரும் சுவிட்ச்), ஃபியூஸ் ஆகியவற்றின் பக்கம் போகலாம். ரிலே சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் பாகம். உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஆகவே கம்ப்ரசரை மாற்றும்போதெல்லாம் ரிலேயையும் சேர்த்து மாற்றிவிடுவதே முறை.

கசியும் மூலை தெரிந்ததும் சோப்புத் தண்ணீர் வேலை செய்யட்டும். வண்டியை முழு உயரத்துக்கு எழுப்பி, ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் முழுதும் திருப்பி, டார்ச் வெளிச்சத்தில் காற்றுப்பையின் ரப்பர் மடிந்து உருளும் இடத்தில் தாராளமாகத் தெளியுங்கள். சக்கர வளைவுக்குள் தலையையோ கையையோ நுழைக்கும் முன்பு வண்டியைப் பட்டறையின் தாங்கிகளில் நிற்கச் செய்திருக்க வேண்டும். காற்று இறங்கினால் மட்கார்டு நொடியில் சக்கரத்தின்மேல் அமர்ந்துவிடும். நல்ல பையில் தெளித்த நீர் வழிந்து போய்விடும். வெடித்த பையில், மடிப்பின் ஓரத்தில் நகக்கீறல் போன்ற ஒரு கோட்டின் நெடுக, கடுகளவு வெள்ளைக் குமிழிகள் ஒன்றன் மேல் ஒன்றாக மெல்ல ஊறி வரும். அது தெரிந்துவிட்டால் பழுது இன்னதென்று ஐயமின்றித் தெரிந்துவிட்டது. குமிழி பையில் வராமல் மேலே குழாய் செருகும் பித்தளை இணைப்பில் வந்தால், பையை மாற்றவே வேண்டியதில்லை. இணைப்பை மாற்றினால் போதும்.

மறுசீரமைத்த காற்றுப்பைகள் புதியவற்றைவிடக் கணிசமாக மலிவு. சிஓஇ காலம் குறைவாக உள்ள வண்டிக்கு அவற்றைப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. சுருள் ஸ்பிரிங்காக மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். சஸ்பென்ஷனில் செய்யும் மாற்றங்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவை என்பதால், அதற்கு முன்பு அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். ஆய்வு நிலையத்தில் போய் நின்று தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல அது.

இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே பத்து நிமிடம் மட்டுமே ஓடும் வண்டியில் பேட்டரி முழுதாக நிரம்புவதே இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் செருக வழியும் இல்லை. ஆகவே முதலில் பேட்டரியின் நிலையை அறிந்துகொள்ளுங்கள்: பல மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரி.

இரண்டும் சரியாக இருந்தும் இறங்கினால், வண்டி பூட்டிய பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறது. இதை அளப்பதில் அவசரம் கூடாது. பூட்டிய உடனே எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை. கணினிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறங்கிப்போக அரை மணி நேரம் வரை ஆகலாம். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் இயல்பு. அதற்கு மேல் இருந்தால், ஃபியூஸைப் பிடுங்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஃபியூஸின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து மில்லிவோல்ட் வீழ்ச்சியைப் பாருங்கள்; வீழ்ச்சி தெரியும் ஃபியூஸின் வழியேதான் மின்சாரம் போகிறது. பிடுங்கிச் செருகினால் உறங்கிய பெட்டி விழித்துக்கொண்டு, மறுபடியும் அரை மணி நேரம் காத்திருக்க வைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது முன்னைய உரிமையாளர் பொருத்திய கேமரா. நிறுத்திய பிறகும் பதிவு செய்யும்படி அமைத்த கேமராவை ஓர் இரவு கழற்றி வைத்துப் பார்த்தாலே பல வழக்குகள் முடிந்துவிடும்.

புதுப் பேட்டரி போடும்போது, மின்னோட்டத்தை அளக்கும் உணரி உள்ள பிஎம்டபிள்யூ வண்டிகளில், அதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். பதியாவிட்டால், பழைய பேட்டரிக்குரிய அளவிலேயே சார்ஜ் செய்து, புதியதின் ஆயுளைக் குறைத்துவிடும். சாலையோரம் வந்து மாற்றிக் கொடுப்பவரிடம் அந்தக் கருவி இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரே நேரத்தில் பல எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன

ஏபிஎஸ், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக் என்று எல்லாம் ஒன்றாக எரிந்தால், அத்தனையும் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை என்பதை முதலில் நம்புங்கள். மின்னழுத்தம் குறைந்திருக்கும், அல்லது தண்ணீர் புகுந்திருக்கும். பேட்டரியைச் சரிபார்த்த பிறகு, டிக்கியின் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரியும் பல கணினிப் பெட்டிகளும் டிக்கியில் இருக்கும் வண்டிகள் இவற்றில் நிறைய. பின்விளக்கின் ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருந்தாலோ, சன்ரூஃபின் வடிகுழாய் இலைதழையால் அடைபட்டிருந்தாலோ, இங்கே பெய்யும் மழை ஒரே மாலையில் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். மரத்தடியில் நிறுத்தும் வண்டிக்கு இந்த அபாயம் அதிகம். அடைப்பை நீக்கக் கம்பியை நுழைக்காதீர்கள். குழாய் இணைப்பிலிருந்து கழன்று, தண்ணீர் கூரைக்குள்ளேயே ஊற்றும். மெல்லிய நைலான் கயிறே போதும்.

கோடுகளை எல்லாம் குறித்துக்கொண்டு, அழித்து, நல்ல பேட்டரியோடு இரண்டு நாள் ஓட்டிய பிறகு திரும்பி வருபவை மட்டுமே உண்மையானவை.

வெப்பநிலை முள் மேலே போகிறது

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஏறி, சாலையில் வேகமெடுத்ததும் இறங்கினால், காற்றோட்டம்தான் குறை: மின்விசிறி, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, அல்லது ரேடியேட்டருக்கும் ஏர்கான் கண்டென்சருக்கும் இடையே பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் தூசியும் இலையும். மாறாக, நெரிசலில் சரியாக இருந்து, தீவு விரைவுச்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால், நீரோட்டம் குறை: பம்ப், தெர்மோஸ்டாட், உள்ளே அடைபட்ட ரேடியேட்டர். இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்ல முடிந்தால் பட்டறையில் பாதி வேலை குறையும்.

2005 வாக்கில் வரத் தொடங்கிய பிஎம்டபிள்யூவின் என்52 இன்ஜினில் தண்ணீர் பம்ப் மின்சாரத்தால் ஓடுகிறது. பெல்ட்டில் ஓடும் பழைய பம்ப் கசிந்தோ முனகியோ முன்னறிவிப்புக் கொடுக்கும். இது நேற்று வரை சரியாக ஓடி, இன்று திடீரென்று நின்றுவிடும். மாற்றியதற்கான ரசீது இல்லாத, ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியை வாங்கினால், பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. எச்சரிக்கை வந்த பிறகு “வீடு வரை போய்விடலாம்” என்று ஓட்டினால், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, வண்டியே கைவிட்டுப் போகும். பம்ப் மாற்றிய பிறகு காற்றை வெளியேற்றும் முறையும் தனி: பேட்டரிக்குச் சார்ஜர் இணைத்து, இக்னிஷனைப் போட்டு, ஹீட்டரை அதிக வெப்பத்திலும் விசிறியைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து விநாடி முழுதும் மிதித்தால், பம்ப் தானாகவே சுமார் 12 நிமிடம் ஓடிக் காற்றை வெளியேற்றும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

கூலன்ட் குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லை என்றால், காய்ந்த தடத்தைத் தேடுங்கள். சூடான உலோகத்தின்மேல் கசியும் கூலன்ட் ஆவியாகி, வெள்ளையாகவோ இளநீலமாகவோ பச்சையாகவோ ஒரு பொருக்கை விட்டுச் செல்லும். பிளாஸ்டிக் தொட்டியின் பொருத்துக்கோடு, குழாய்களின் பிளாஸ்டிக் கழுத்து ஆகியவையே வழக்கமான இடங்கள். ஒரு முப்பது டிகிரி வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து பதினைந்து ஆண்டு வேகவைத்த பிளாஸ்டிக் அது; கழுத்தை விரலால் அழுத்தினால் நொறுங்கிவிடும் நிலையில் இருக்கும். எங்கும் தடம் இல்லாவிட்டால் மட்டும், கூலன்ட்டில் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று வேதிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இங்கே பனி உறைவதில்லை, வெறும் தண்ணீர் போதும் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். கூலன்ட்டின் பாதி வேலை துருவையும் அரிப்பையும் தடுப்பது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்பதைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

ஏர்கான் குறைகளில் பாதி இதே தர்க்கம்தான்: ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சூடாக வந்தால், வாயு நிரப்புவதற்கு முன்பு மின்விசிறியைப் பாருங்கள். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் குளிராவிட்டால், உள்ளே உள்ள மடலின் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்பு வாயுவின் எடையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாயு குறைந்தாலும் இதே அறிகுறி வரும், டாஷ்போர்டைப் பிரிக்கும் கூலி மிச்சமாகும்.

குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில விநாடி சத்தம்

சி கிளாஸ், இ கிளாஸ் வண்டிகளில் இங்கே மிகப் பரவலாக ஓடிய 1.8 லிட்டர் எம்271 இன்ஜினில் இது வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் சங்கிலி நீண்டுவிட்டதையோ, கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டர் தேய்ந்ததையோ குறிக்கும். ஆயில் அழுத்தம் ஏறியதும் சத்தம் அடங்கிவிடுவதால் பலர் பொருட்படுத்துவதில்லை. சங்கிலி பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். பிறகு சரிசெய்வதைவிட இன்ஜினையே மாற்றுவது மலிவாகிவிடும். சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டு போங்கள், ஏனெனில் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும்.

இதே இன்ஜினிலும் வி6 எம்272 இன்ஜினிலும் கேம்ஷாஃப்ட் காந்தத்தின் வழியே ஆயில் கசிந்து, வயரின் உள்ளேயே ஊர்ந்து போகும். காந்தத்தின் செருகியைக் கழற்றி, டிஷ்யூ காகிதத்தின் நுனியை உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். காகிதம் மஞ்சளாக நனைந்தால், ஆயில் கணினிப் பெட்டி வரை போவதற்கு முன்பு காந்தத்தை மாற்றிவிடலாம்.

எம்272 இன்ஜினுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2006 வாக்கு வரை தயாரான தொடக்ககால இன்ஜின்களில், அதிர்வைத் தணிக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பற்சக்கரம் முன்கூட்டியே தேய்ந்தது பரவலாக அறியப்பட்டது. வி8 எம்273 இன்ஜினில் அதே குறை இடைப் பற்சக்கரத்தில். வி6இல் அதைச் சரிசெய்ய இன்ஜினைக் கீழே இறக்க வேண்டும். இந்தக் காலத்து வண்டியை வாங்குவதாக இருந்தால், இன்ஜின் எண்ணைக் கொண்டு அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று முன்பே சரிபார்ப்பது கட்டாயம்.

நிறுத்தியதும் ஆயில் கருகும் வாசனை

நெரிசலில் ஓடி வந்து நிறுத்தும்போது பானட்டின் இடுக்கிலிருந்து வாசனை வந்தால், வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து ஆயில் சூடான எக்ஸாஸ்ட்டின்மேல் சொட்டுகிறது. அவசரமில்லை, ஆனால் ஒத்திப்போடவும் கூடாது. பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் ஆயில் ஃபில்டர் பொருந்தியிருக்கும் கூட்டின் கேஸ்கெட் கசிந்தால் அது வேறு: ஆயில் நேராக பெல்ட்டின்மேல் இறங்கும், பெல்ட் வழுக்கி அறுந்தால் அதன் துணுக்குகள் கிராங்க் சீலின் வழியே இன்ஜினுக்குள் இழுக்கப்படலாம். மலிவான அந்த கேஸ்கெட்டை உடனே மாற்றுங்கள்.

கியர் தாமதமாக விழுகிறது, அல்லது நிற்கும் தறுவாயில் உதைக்கிறது

“ஆயுள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை” என்று கார் நிறுவனங்கள் சொன்ன கியர் ஆயிலுக்கு, அந்த கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றும்படி சொல்கிறது. இசட்எஃப் 6எச்பி கியர்பாக்ஸில் ஃபில்டரும் ஆயில் தொட்டியும் ஒரே பிளாஸ்டிக் பாகம். தொட்டியோடு மாற்ற வேண்டும். அதே வேளையில், கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பெட்டிக்குப் போகும் மின்இணைப்பின் பிளாஸ்டிக் உறையையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் சீல் கசிந்தே பல கியர்பாக்ஸ்கள் ஆயில் குறைந்து பழுதாகின்றன.

இங்கே ஒரு சிங்கப்பூர்ச் சிக்கல் இருக்கிறது. இந்த கியர்பாக்ஸில் ஆயில் மட்டம் பார்க்கும் அளவுகோல் கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது பக்கத்துத் துளையிலிருந்து ஆயில் மெல்லியதாக வழிவதே சரியான மட்டம். குளிர் நாடுகளில் அந்த வரம்புக்கு வர நேரமாகும்; நம் பட்டறைகளிலோ ஆயில் தொடங்கும்போதே 30 டிகிரியில் இருக்கிறது, சில நிமிடத்தில் 50ஐத் தாண்டிவிடுகிறது. சூடான ஆயில் விரிந்து மட்டம் உயர்ந்து காட்டுவதால், தாண்டிய பிறகு மூடினால் ஆயில் குறைவாகவே இருக்கும். ஆகவே, ஓட்டி வந்த உடனே இந்த வேலையைச் செய்ய ஒப்புக்கொள்ளாமல், இரவு பட்டறையிலேயே விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாக, ஸ்கேனரில் கியர் ஆயிலின் சூட்டைப் பார்த்தபடி செய்யச் சொல்லுங்கள். ஆயில் மாற்றிய பிறகு உதைக்கிறது என்று வரும் வண்டியில் முதலில் சரிபார்க்க வேண்டியதும் இந்த மட்டமே.

மெர்சிடிஸின் ஏழு கியர் 722.9 பெட்டி, ஓடும்போதே ஒரு கியரில் பிடித்துக்கொண்டு மாற மறுத்து, அணைத்துப் போட்டால் சரியாகிவிட்டால், கியர்பாக்ஸ் போய்விட்டது என்ற முடிவுக்கு வராதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட்டின் வேக உணரிகளே காரணம். கியர்பாக்ஸைக் கீழே இறக்காமலே மாற்றலாம். புதியதைக் கணினியில் பதிய வேண்டும். “முழு ஓவர்ஹால்” என்று சொல்பவரிடம் எந்த கோடு அப்படிச் சொல்கிறது என்று அச்சிட்டுக் கேட்பது உங்கள் உரிமை.

கார் நிறுத்துமிட மேடுகளில் தட்டும் சத்தம், பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுக்கம்

மேட்டில் ஏறி இறங்கும்போது ஒற்றைத் தட்டு விழுந்தால் கண்ட்ரோல் ஆர்ம் புஷ், அல்லது ஸ்டெபிலைசர் லிங்க். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கை மாற்றச் சொல்வார்கள். ஐந்தாம் வரிசை பிஎம்டபிள்யூ இ60 போன்றவற்றில், முன்புற ஆர்மின் ரப்பர் கிழிந்திருந்தாலும் அதே நடுக்கம் வரும். டிஸ்க்குக்கு முன்பு ரப்பரைப் பாருங்கள். லெக்சஸ் வண்டிகளில் எலக்ட்ரானிக் தொல்லைகள் குறைவு என்பது உண்மைதான். ரப்பர் மட்டும் அவற்றிலும் இதே வேகத்தில்தான் முதுமை அடைகிறது.

2006க்கு முந்தைய இ கிளாஸ் டபிள்யூ211இல் உள்ள மின்னணு பிரேக் முறை, வண்டியின் சாவி அருகில் வந்தாலோ கதவைத் திறந்தாலோ தானாகவே அழுத்தத்தை உண்டாக்கும். அதைச் செயலிழக்கச் செய்யாமல் பேட் மாற்றினால் விரல் நசுங்கும். அந்த முறை அறிந்த பட்டறையைத் தவிர வேறெவரும் அதன் பிரேக்கைத் தொடக் கூடாது.

டயரில் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஆய்வில் தேறாது என்பது பலருக்குத் தெரியும். ஆழம் இருந்தும் வயதான டயரைக் கவனிப்பவர் குறைவு. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. விற்பனைக்காக நிறுத்தி வைத்த வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பட்டறை பெரிய தொகை சொல்லும்போது

சொன்ன தொகையை, சிஓஇயில் மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். நாலாயிரம் வெள்ளிப் பழுதுபார்ப்பு, எண்பது மாதம் இருக்கும் வண்டிக்கு மாதம் ஐம்பது வெள்ளி. இருபது மாதம் இருக்கும் வண்டிக்கு மாதம் இருநூறு. முன்னதற்கு அசல் பாகம் போடுவதே சரி. பின்னதற்கு, கழித்த வண்டியிலிருந்து எடுத்த கியர்பாக்ஸோ, மறுசீரமைத்த காற்றுப்பையோ போதுமானது. ஆறு மாதம்தான் மிச்சம் என்றால், பதிவை முன்கூட்டியே ரத்து செய்து, பயன்படுத்தாத சிஓஇ காலத்துக்குரிய கழிவைப் பெற்றுக்கொள்வது எவ்வளவு தரும் என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள். பிரேக், டயர், ஸ்டியரிங், குளிர்விப்பு ஆகியவற்றுக்கு இந்த வகுத்தல் பொருந்தாது. அவை ஒரு மாதம் மிச்சமிருந்தாலும் சரியாக இருக்க வேண்டும்.

சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் ஒரே வகை வண்டியை மட்டும் பார்க்கும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. இரண்டாவது கருத்துக்கு அவற்றையே நாடுங்கள். ஜொகூர் பாருவில் டயர், பிரேக் பேட், பாடி வேலை மலிவாகச் செய்துகொள்ளலாம். ஆனால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டிய மின்னணுப் பழுதுகளை அங்கே கொண்டு போவதை நான் ஆதரிப்பதில்லை. எந்தப் பட்டறையானாலும், பாகத்தின் எண், அது அசலா மாற்று நிறுவனத்ததா பழையதா, கூலி எவ்வளவு, எத்தனை மாத உத்தரவாதம் ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தை எடுத்து வைக்கும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.